படத்துப்பிள்ளை காதில் விழுந்த சொல்

மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கிறதும் பெய்யாவிட்டால் வாயைப் பிளந்து கிடக்கிறதுமான கரிசல் காட்டில், வீட்டுக்கு ஒருத்தியாவது தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற ஓர் ஊரில், பூட்டிக் கிடந்த வைரம் டாக்கீசை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகப் பால்வண்ணம் அண்ணாச்சி சொன்னபோது ஒருத்தரும் வருத்தப்படவில்லை. படம் பார்க்க எல்லார் கையிலும் போன் இருந்தது, கல்யாணம் பண்ணத்தான் இடமில்லாமல் இருந்தது.

பூமிபூசைக்கு மேளம் வந்திருந்தது, வாசலில் சர்க்கரைப் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. திரையைக் கழற்றப் போன ஆட்கள் அதற்குப் பின்னாலிருந்த பரணிலிருந்து துருவேறிய தகரப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டிமேல் எழுதியிருந்த பெயரைக் கரையான் தின்றிருந்தது. பழைய ஆப்பரேட்டர் சுருளை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஊமைப்படம் அண்ணாச்சி. படத்துக்குப் பேச்சு வாரதுக்கு முந்தினது. எங்க தாத்தா பார்த்திருந்தா உண்டு" என்றார். பொங்கல் வேகிற வரைக்கும் ஓட்டிப் பார்ப்போமே என்றார் அண்ணாச்சி. பிரித்துப்போட்ட கூரைக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி இருட்டாக்கி, ஆம்பளைகள் ஒரு பக்கமும் பொம்பளைகள் ஒரு பக்கமுமாக நடுவில் கயிறு கட்டி, பூசைக்கு வந்த சனம் எல்லாம் தரையில் உட்கார்ந்தது.

சண்முகக்கனியும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கனி ஓரமாகவே உட்காருகிறவள். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்குகிற இடத்திலும் அவளுக்குச் சுவர் ஓரந்தான், அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறபோதும் அடுப்பு ஓரந்தான்.

திரையில் ஒரு வீடு வந்தது, கிணறு வந்தது, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஒரு பிள்ளை வந்தாள். பக்கத்திலே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாய் அசைந்தது, பாட்டு வரவில்லை. "சத்தத்த வையிப்பா" என்று ஒருத்தர் கத்த, "ஊமைப்படத்துல என்னத்தய்யா சத்தம் வைக்க, உங்க மாமியாளக் கொண்டாந்து உக்கார வையி" என்று ஆப்பரேட்டர் மேலேயிருந்து சொல்ல, ஒரே சிரிப்பு. அண்ணாச்சி மேளக்காரர்களைப் பார்த்து, "சும்மாதான இருக்கீக, வாசிங்களேன்" என்றார். நாயனக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு மெதுவாக ஆரம்பித்தார், குருநாதன் தவிலை மடியில் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு, சத்தம் எங்கேயிருந்து வருகிறதென்று திரும்பி, நாயனக்காரரைத் தேடிக் கண்டுபிடித்து, லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி இறைத்தாள்.

அதை யாரும் பெரிசாகப் பேசவில்லை. நம்ம ஊர் நாயனத்துக்குத் திரும்பாதவுக யாரு என்று பெருமைப்பட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். பெரிசாகப் பேசினது அதற்கப்புறம் நடந்ததைத்தான். அவள் புருசன் வந்தான். கோட்டு போட்டிருந்தான், மீசையை முறுக்கியிருந்தான். தொட்டில் பக்கமாகக் கையைக் காட்டி, அவளைப் பார்த்து ஏதோ ஒரு சொல் சொன்னான். அவள் நின்றாள். குடத்தை இறக்கி வைத்தாள். தொட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டுப் போய், ஆற்றில் இறங்கி, கழுத்தளவு போய், அப்புறம் தண்ணீர் மட்டுந்தான் இருந்தது.

அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலை ஒருத்தரும் தொடவில்லை. பொம்பளைகள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார்கள், ஊரில் ஒரு பிள்ளை போனால் எப்படி முழுகுவார்களோ அப்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "இன்னொருக்கா ஓட்டுங்க அண்ணாச்சி, இருக்காளா பார்ப்போம்." ஓட்டினார்கள், இருந்தாள். கிணற்றடியில் நின்று நாயனத்துக்குத் திரும்பிச் சிரித்தாள். எல்லாருக்கும் உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான், சொன்னான், அவள் போனாள். போகாத தாயி, போகாதம்மா, அடி பிள்ளைய நெனச்சுப் பாரடி என்று அத்தனை சனமும் எழுந்து கத்தியதில், ஒரு பேச்சும் அவளுக்குப் பேச்சாகப் போய்ச் சேரவில்லை, காற்றடிக்கிறது என்று நினைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு இறங்கினாள்.

மண்டபம் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் படத்துப்பிள்ளையைக் காப்பாற்றுவோம் என்று ஊர் முடிவு செய்தது. பெயர் தெரியாததால் அவளுக்குப் படத்துப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. ஆற்றுக்குக் குறுக்கே முள் வெட்டிப் போடலாம் என்றவரைப் படத்துக்குள்ளே யார் போய்ப் போடுவது என்று கேட்டு உட்கார வைத்தார்கள். அவள் மாமியாரை வரவழைக்கலாம் என்றவர்களை, அது வந்தால் இன்னும் சீக்கிரம் போவாள் என்று பொம்பளைகள் அடக்கினார்கள். கடைசியில் குருநாதன் தவிலைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவன் சொல்றது காதுல விழுந்தாத்தான போவா? தாலி கட்டையில எதுக்குக் கெட்டிமேளம் அடிக்கோம்? தும்மலு, அழுகை, அவச்சொல்லு எதுவும் பொண்ணு காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான. அவன் வாயத் தெறக்கையில அடிச்சிருவோம்."

அடுத்த ஞாயிறு அடித்தார்கள். கோட்டுக்காரன் தொட்டில் பக்கம் கையைக் காட்டியதும் கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று அண்ணாச்சி விரலை ஆட்ட, குருநாதன் அடித்த அடியில் தார்ப்பாய் அதிர்ந்தது. பழக்கம் விடாமல் பொம்பளைகள் கையில் கிடைத்த அரிசியை எடுத்து எறிந்தார்கள். அவன் வாய் அசைந்தது, அவள் காதில் எதுவும் விழவில்லை. என்ன என்று கேட்பதுபோலப் பார்த்தாள், குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், விளக்கேற்றினாள், அவனுக்குச் சோறு போட்டாள். ஆறு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு எல்லார் வீட்டிலும் பாயசம் வைத்தார்கள்.

அதிலிருந்து வைரம் டாக்கீசுக்கு வேறு பேராகிவிட்டது. குடும்பம் சேர்த்துவைக்கிற படம் என்று அக்கம்பக்கத்து ஊரெல்லாம் பேச்சு. பிரிந்திருந்த புருசன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக உட்காரவைத்து, கெட்டிமேளம் முடிந்ததும் ஒரே பஸ்சில் ஏற்றி அனுப்பினார்கள். மஞ்சள் தடவிய அரிசியை வாசலில் பொட்டலம் போட்டு வைத்திருந்தார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் கனியின் அண்ணன் தங்கப்பாண்டிக்கும் அந்த யோசனை வந்தது.

கனிக்கு நடந்தது இதுதான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பேர்வைக்கிற அன்றைக்கு அவள் புருசன் அழகுராஜ் கோவில்பட்டியிலிருந்து வந்தான். வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன், முன்கையெல்லாம் பொறி பட்ட புள்ளிகள். அவன் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், அவளைப் பார்த்து, "யாரு ஜாடை இது?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினவன், பிள்ளை தவழ ஆரம்பித்தும் வரவில்லை.

இதை அவள் சொல்லாமல் இல்லை. சொன்னாள். சொன்னால், "பச்சப்பிள்ளையப் பார்த்தா யாரு ஜாடைன்னு கேக்கிறதுதான தாயி, நானுந்தான் கேட்டேன்" என்றான் அண்ணன். ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு கேட்பார்கள், மூக்கு அத்தை மூக்கு, நெத்தி தாத்தா நெத்தி என்று பங்கு வைப்பார்கள். ஆனால் அவன் பிள்ளையைப் பார்த்துக் கேட்கவில்லை, இவளைப் பார்த்துக் கேட்டான். அந்த வித்தியாசத்தைச் சொல்ல இவளுக்கு வாய் போதவில்லை. "அன்னைக்கி அவுக கேட்டது" என்று ஆரம்பித்தாலே மதினி வேலுத்தாய் மிக்சியைப் போட்டுவிடுவாள், அண்ணன் டிவியைக் கூட்டிவைப்பான், பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. அவச்சொல் வீட்டில் விழுந்துவிடக்கூடாதென்று எல்லாரும் ஆளுக்கொரு மேளம் அடித்தார்கள்.

ஆனால் அவளுக்கு அவன்மேல் ஆசை விட்டபாடில்லை. கட்டின புதிதில் பட்டறையிலிருந்து வரும்போது காகிதத்தில் கருப்பட்டி மிட்டாய் மடித்துவந்து, கொடுக்கக் கூச்சப்பட்டு அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் திரும்பிப் படுத்துக்கொள்கிறவன் அவன். இரும்பு சூடுபட்ட வாசம் அவன் சட்டையில் இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் மருந்து வாசத்துக்கு நடுவில் எப்போதாவது எங்கேயிருந்தோ அந்த வாசம் வந்துவிட்டால் கனிக்குக் கட்டை அடுக்குகிற கை நின்றுவிடும். போனில் அவன் நம்பரை அழுத்துவாள், ஒரு மணி அடிக்குமுன் வைத்துவிடுவாள். அவன் வேண்டும். ஆனால் அவன் கேட்டதைக் கேட்காததுபோல் போய் அவனுக்குச் சோறு போட முடியாது. இந்த இரண்டும் அவளுக்குள்ளே ஒரே பாயில் படுத்துக்கிடந்தன.

அதனாலோ என்னவோ, மற்றவர்கள் பார்க்காததை அவள் பார்த்தாள். படத்துப்பிள்ளை நன்றாக இல்லை. சொல் காதில் விழாததால் கோட்டுக்காரன் மறுபடி மறுபடி வந்து சொன்னான். முதலில் ஒருதரம் அடித்த கெட்டிமேளத்தை அப்புறம் படம் முழுக்க அடிக்கவேண்டியதாயிற்று. தவில் அடிக்க மாட்டியிருந்த விரல் கூட்டுக்குள்ளே குருநாதன் விரல் வீங்கிப்போனது. ஒவ்வொரு வாரமும் படத்துப்பிள்ளையின் வளையல் முழங்கைக்கு இறங்கிக்கொண்டே வந்தது. அவன் வாயைப் பார்ப்பாள், இந்தப் பக்கம் திரும்பி மேளத்தைப் பார்ப்பாள், மறுபடி அவன் வாயைப் பார்ப்பாள். தன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்கிற முகம் அது.

"மதினி, அந்தப் பிள்ள மெலிஞ்சுக்கிட்டே போகுதே."

"மெலியட்டும், உசுரோட இருக்காள்ல" என்றாள் வேலுத்தாய். "நாமெல்லாம் என்ன கொழுத்தா கெடக்கோம்?"

தங்கப்பாண்டி கோவில்பட்டிக்குப் போய்ப் பேசி, அழகுராஜை வரச் சம்மதிக்கவைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்னி, படம் விட்டதும் அப்படியே பஸ். வேலுத்தாய் பிள்ளையின் துணிமணியை மடித்துப் பையில் வைத்து, மேலே ஒரு டப்பா முறுக்கும் வைத்தாள்.

அன்றைக்கு அழகுராஜ் வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். புதுச்சட்டை, இளைத்திருந்தான். கனி நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பது அவள் முதுகுக்குக்கூடத் தெரிந்தது. பிள்ளை கொஞ்சம் தூங்கிக் கொஞ்சம் விழித்தது. கிணறு வந்தது. படத்துப்பிள்ளை வந்தாள். நாயனத்துக்குத் திரும்பினாள், சிரிக்கவில்லை. கோட்டுக்காரன் வந்து கையைத் தூக்கினான், அண்ணாச்சி விரலை ஆட்டினார், தவில் இடித்தது, அரிசி பறந்தது.

கனி எழுந்தாள். பள்ளிக்கூடம் போன கொஞ்ச காலத்திலும் ஆஜர் சொல்லக் கையை மட்டும் தூக்கினவள் அவள், நிறுத்துங்க என்று கூட்டத்தில் கத்த அவளுக்கு வராது. பிள்ளையை மதினி மடியில் போட்டுவிட்டு, அரிசி மேலே விழ விழ நடந்துபோய், குருநாதன் எதிரில் குனிந்து, அடிக்கிற தவில் தோலில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

தொப்பென்று ஒரு சத்தம், அதோடு தவில் நின்றது. நாயனம் தனியாக நாலடி போய்விட்டு வெட்கப்பட்டு நின்றது. என்னம்மா என்று கேட்க வந்த குருநாதன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார். மேலே மிசின் ஓடுகிற கரகரப்பு மட்டும் கேட்டது.

இத்தனை வாரத்தில் ஊர் முதல்முறையாகக் கோட்டுக்காரன் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். மேளத்துக்கு முந்தி எல்லார் கண்ணும் அவள்மேலேயே இருந்தது, அப்புறம் அரிசி எறிகிறதிலும் மேளத்திலும் யார் பார்த்தார்கள். அவன் தொட்டில் பக்கம் கையைக் காட்டினான். ஆனால் தொட்டிலைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தான், மோவாயைத் தூக்கினான், உதடு அசைந்தது. ஊமைப்படத்தில் எல்லாம் ஜாடைதானே, வாய்ச்சொல் தெரியாவிட்டாலும் அவன் கேட்டது என்ன, எப்படிக் கேட்டான் என்பது கடைசி வரிசைவரைக்கும் விளங்கிவிட்டது. பொம்பளைகள் பக்கத்தில் யாரோ உஸ் என்று மூச்சிழுத்தார்கள்.

படத்துப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. குடத்தை இறக்கி வைத்தாள். தொட்டிலை ஒருதரம் ஆட்டினாள். ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா" என்றாள் கனி. கிணற்றுக்குள் பேசுகிறதுபோல் சின்னக் குரல், ஆனாலும் வேறு சத்தம் இல்லாததால் அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது. "எனக்கும் கேட்டுச்சுக்கா. அவன் சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

அவள் நின்றாள். திரும்பி, தவில்மேல் கைவைத்துக் குனிந்திருந்தவளைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தொட்டிலுக்கு வந்து, இத்தனை வருசத்தில் ஒருதரமும் எடுக்காத பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு எதிர்ப்பக்கமாக நடந்து, திரையின் ஓரத்துக்கு வந்து, ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தப் பக்கத்துத் துணி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே பஸ் நின்றிருந்தது. தங்கப்பாண்டி பையைத் தூக்கிக்கொண்டு, எதுவும் நடக்காததுபோல், "கிளம்பு தாயி, மாப்பிள்ள நிக்காரு பாரு" என்றான். அழகுராஜ் வேப்பமரத்தடியில் நின்றான். அவனிடமிருந்து அந்த வாசம் வந்தது. கனியின் உடம்பு தானாக ஓரடி எடுத்து வைத்தது, அவள்தான் பிடித்து நிறுத்தினாள்.

"போகட்டும்" என்றாள் வேலுத்தாய். "அதுக்கு முந்தி ஒண்ணு. தம்பி, அன்னைக்கி பேர்வைக்கையில நீங்க என்ன கேட்டீக?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு" என்றான் தங்கப்பாண்டி.

"நீங்க சும்மா இருங்க. இத்தன நாளும் நான் மிக்சியப் போட்டுட்டேன், இன்னைக்கிப் போடல. சொல்லுங்க தம்பி."

"ஜாடைதான்க்கா கேட்டேன்" என்றான் அழகுராஜ். "எல்லாரும் கேக்கிறதுதான."

"அதான், எப்படிக் கேட்டீகளோ அப்படியே ஒருக்கா கேளுங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். குருநாதன் வாசலுக்கு வந்து நின்றார், அவருக்குப் பின்னால் ஊர் நின்றது. அழகுராஜ் பிள்ளையைப் பார்த்தான், கனியைப் பார்த்தான், மோவாயைத் தூக்கப் பார்த்தான், அது தூக்க வரவில்லை. கை முன்கைப் புள்ளிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"உள்ள அந்தக் கோட்டுக்காரன் கேட்டாம்ல" என்றான் கடைசியில், மண்ணைப் பார்த்து. "அப்படித்தான் கேட்டேன்."

தங்கப்பாண்டி கையிலிருந்த பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

கனிக்கு அழுகை வரும் என்று எல்லாரும் நினைத்தார்கள், வரவில்லை. வெகுநாளாகக் காதுக்குள் போய்க்கிடந்த தண்ணீர் வெதுவெதுப்பாக வெளியே வடிந்ததுபோல் இருந்தது. "இந்த பஸ்சுல நீங்க போங்க" என்றாள், அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து. அவள் நாங்க வாரோம் என்று சொல்லவில்லை, வரல என்றும் சொல்லவில்லை. பஸ் கிளம்பி, கரிசல் புழுதியில் போய், சின்னதாகி, அப்புறம் அது போன இடத்தில் வெயில் மட்டும் நின்றது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவ்வளவு ஆசையை ஒரு பஸ்சில் ஏற்றி அனுப்பிவிட்டு நிற்கிறவளை வேலுத்தாய் கூப்பிடவில்லை, பிள்ளைக்கு வெயில் படாமல் முந்தானையை மட்டும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

படத்துப்பிள்ளை அந்தப் படத்துக்குத் திரும்பி வரவில்லை. ஓட்டினால் வீடு வரும், கிணறு வரும், கோட்டுக்காரன் வருவான். அறை அறையாகத் தேடுவான், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானே தண்ணீர் இறைப்பான், பாதி சிந்தும். வெறும் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ஊர் அதையும் பழகிக்கொண்டது. இப்போது பெண்டாட்டியிடம் கோபித்த ஆம்பளைகள்தான் அதிகம் வந்தார்கள். நாயனக்காரர் அவனுக்கென்று ஒன்று கண்டுபிடித்து மெல்ல வாசித்தார், குருநாதன் வாசிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் என்ன செய்யப்போகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை, அவசரமும் இல்லை.

அழகுராஜும் ஞாயிறுதோறும் பஸ்சில் வந்து இறங்கினான். யாரிடமும் பேசுவதில்லை. முதல் வாரம் கடைசியில், அடுத்த வாரம் நடுவில் என்று தள்ளித் தள்ளி வந்து, கயிற்றை ஒட்டி உட்கார்ந்தான். கனி ஓரத்தை விட்டுவிட்டு வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் திரையைத்தான் பார்த்தார்கள். திரை வெளிச்சம் கூடும்போது அவன் கழுத்தும் காதும் தெரியும், குறையும்போது அந்த வாசம் மட்டும் வரும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் நீட்டவில்லை, ஆனால் நீட்டாத கை எப்படி வலிக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு பிள்ளை அவள் மடியிலிருந்து இறங்கி, கயிற்றுக்கு அடியில் தலையை நுழைத்தது. பாதி உடம்பு அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். கனி அதன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். அழகுராஜ் பிள்ளையைத் தொடாமல், இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அவளைப் பார்த்தான். பேர்வைத்த அன்றைக்குப் பார்த்த பார்வை இல்லை இது. எனக்கு உண்டா என்று கேட்கிற பார்வை.

கனி சட்டை நுனியை விட்டாள்.